ஒரே மூலக்கூறு, இரண்டு வேலை

உடம்புக்குள் ஏற்றிய கதிரியக்க மருந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று படம் பிடிப்பது பெட் ஸ்கேன். அந்தப் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஸ்கேனரைவிடக் கடிகாரம் முக்கியம். நாங்கள் நரம்பில் ஏற்றும் எஃப்டிஜி மருந்தில் ஃப்ளூரின் 18 என்ற கதிரியக்க அணு இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் ஊரில் காலை 6 மணிக்கு 100 மில்லிகியூரி (கதிரியக்க அளவு) அளந்து, ஈயக் கலத்தில் வைத்து அனுப்பினால், 9.40-க்கு எங்கள் கைக்கு வரும்போது 25தான் மிச்சம். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று போக்குவரத்து அடைத்துக்கொண்டால், கடைசி வரிசையில் இருக்கிறவரிடம் "நாளைக்கு வாங்கய்யா" என்று சொல்ல வேண்டிவரும். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவரிடம் அதைச் சொல்வது எனக்கு இன்னும் பழகவில்லை.

முதன்முதலாக மனித உடம்பில் இதைச் செலுத்தியபோதும் இதே ஓட்டம்தான். 1976 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் அபாஸ் அலவி அதைத் தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார். அன்றைக்கு அவர்கள் பார்க்க நினைத்தது மூளையை.

எஃப்டிஜி பெயருக்குத்தான் சர்க்கரை. குளுக்கோஸ் நுழையும் வாசல் வழியாகவே செல்லுக்குள் போகும். போனதும் ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டும். அதற்கு அடுத்த மாற்றத்துக்குப் போக முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அளவுக்கு மீறிச் செலவழிக்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டிருந்தார். அந்தப் பேராசையைத்தான் நாங்கள் படம் பிடிக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், சர்க்கரை தின்பது கட்டி மட்டும் இல்லை. அதனால் ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் நோயாளியை அசையாமல் படுக்க வைக்கிறோம். குளிரில் நடுங்கினால் கழுத்தோரம் இருக்கும் பழுப்புக் கொழுப்பு எரிய ஆரம்பித்துப் படத்தில் மின்னும், அதற்காகக் கம்பளி. இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே வந்தால் மருந்தெல்லாம் தசைக்குப் போய்விடும். ஒரு பாட்டி, எவ்வளவு சொல்லியும் கேட்காமல், போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பேத்தியோடு முழு நேரமும் பேசியிருக்கிறார். படம் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இந்தம்மா பேசிட்டே இருந்தாங்களா?" குரல்வளை அப்படிப் பளிச்சென்று இருந்தது.

அது சிரிக்கிற விஷயம். டிபி அப்படி இல்லை. காசநோய்க் கட்டியில் கூடியிருக்கும் செல்களும் சர்க்கரையை வெளுத்து வாங்கும். வேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார். நெஞ்சில் இருந்த நிணநீர்க் கட்டிகள் எல்லாம் ஒளிர்ந்தன. எங்களிடம் வருவதற்கு முன்பே அவர் வீட்டில் புற்றுநோய் என்று முடிவு கட்டி, நிலத்தை விற்கிற பேச்சுவரை போயிருந்தார்கள். பயாப்ஸி எடுத்தார்கள், டிபி என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை. படத்தில் தப்பே இல்லை. இந்த இடத்தில் சர்க்கரை வேகமாகச் செலவாகிறது என்பதை மட்டும்தான் அது சொன்னது. டிபி இவ்வளவு இருக்கும் நாட்டில் அந்தப் படத்தை வேறு விதமாகவும் படிக்கலாம் என்பது படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேனர் விற்கிற கம்பெனிக்காரர்கள் எதிர்காலம் என்று திரையில் காட்டுவது எப்போதுமே இன்னும் கூர்மையான படம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேன் டிரைவரின் கட்டியை எவ்வளவு கூர்மையாக எடுத்திருந்தாலும் அதே குழப்பம்தான் மிஞ்சியிருக்கும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் எதிர்காலம் ஊசிக்குள் இருக்கிறது. எந்த மூலக்கூறை அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது.

அதை நான் கண்ணெதிரே பார்த்தது ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றுநோயில். பிஎஸ்எம்ஏ என்ற புரதம் அந்தச் செல்களின் மேற்பரப்பில் ஏராளமாக இருக்கும். அதைத் தேடிப் போய் ஒட்டும் சிறு மூலக்கூறில் காலியம் 68 என்ற கதிரியக்க அணுவைக் கட்டி அனுப்புகிறோம். காலியத்துக்கு அரை ஆயுள் 68 நிமிடம்தான், ஆனால் சைக்ளோட்ரான் வண்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஜெர்மேனியம் 68 சிதைந்து காலியமாக மாறும்; அதை அடைத்த ஜெனரேட்டர் என்ற கலம், நாங்கள் மருந்து தயாரிக்கும் ஹாட் லேபிலேயே இருக்கும். ஜெர்மேனியத்தின் அரை ஆயுள் 271 நாள், ஆகவே மாதக்கணக்கில் தாங்கும். காலையில் கறந்தால் காலியம் வரும், சில மணி நேரம் விட்டு மறுபடி கறக்கலாம். இந்தத் தொழிலில் அதற்குப் பசு என்றே பெயர்.

அப்புறம்தான் விஷயம். அதே புரதத்தைத் தேடும் மூலக்கூறில், காலியத்துக்குப் பதில் லூட்டீசியம் 177-ஐக் கட்டினால் அது சிகிச்சை. லூட்டீசியம் விடும் பீட்டா துகள்கள் ஒட்டிய இடத்திலேயே, ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள், செல்லைச் சிதைக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு 2022 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு இதே வழியில் வேலை செய்யும் மருந்துக்கு 2018-லேயே கொடுத்துவிட்டது. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் லூட்டீசியம் தயாராகிறது. பார்க்கவும் தீர்க்கவும் ஒரே வழி என்கிற யோசனை புதுசு என்று யாராவது சொன்னால் எங்கள் மூத்தவர்கள் சிரிப்பார்கள். பாஸ்டனில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ் 1941-ல் கதிரியக்க அயோடின் கொடுத்துத் தைராய்டுக்குச் சிகிச்சை செய்தார். தைராய்டு அயோடினைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். மற்ற உறுப்புகளுக்கு அப்படி ஒரு வழி கிடைக்க இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருக்கு பிராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது. லூட்டீசியம் கொடுத்த மறுநாள் காமா கேமராவில் படுக்க வைத்தோம். லூட்டீசியம் கொஞ்சம் காமா கதிரும் விடுவதால் உள்ளே போன மருந்தே தான் போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அவர் விடாமல் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "தம்பி, போன படத்துல இருந்த அதே இடமெல்லாம் இருக்கா?" இருந்தது. கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிகளும் சேர்ந்து தெரிந்தன. அங்கேயும் அந்த மூலக்கூறு போகும், அதனால் வாய் வறண்டுபோகும் என்று விளக்கினேன். "சரி, இனிமே பாடம் எடுக்கப் போறதில்ல" என்றார்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. சிலருக்கு எஃப்டிஜி படத்தில் ஈரல் முழுக்கக் கட்டிகள் ஒளிரும். பிஎஸ்எம்ஏ படத்தில் அதே ஈரலில் அந்த இடங்கள் இருட்டாக இருக்கும். அங்கே இருக்கும் செல்கள் மாறிப்போய், அந்தப் புரதத்தையே விட்டுவிட்டன என்று அர்த்தம். லூட்டீசியம் கொடுத்தாலும் அங்கே ஒட்டாது. ஆஸ்திரேலியாவில் லூட்டீசியம் சிகிச்சையைச் சோதித்த, 'தெராபி' என்று பெயரிட்ட ஆய்வில் இந்த இரண்டு படங்களையும் வைத்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் கட்டத் தயாராக வந்த குடும்பத்திடம் இந்த மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்வதற்கு அந்த இருட்டுதான் ஆதாரம். முன்பு நோய் எங்கே என்று மட்டும் படத்தைக் கேட்டோம். இப்போது மருந்து அங்கே போகுமா என்று கேட்கிறோம். கட்டி தெரிவதைவிட இது எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

இதனால் எங்கள் வேலையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் படம் முடிந்தால் "போய் நல்லா தண்ணி குடிங்க" என்று சொன்னால் போதும். இப்போது தனி அறை, தனிக் கழிப்பறை, அந்தக் கழிவின் கதிரியக்கம் அடங்கும்வரை தேக்கி வைக்கத் தனித் தொட்டி. நோயாளியின் உடம்பிலிருந்தும் கதிர் வருவதால் கேள்விகள் வேறு: கர்ப்பிணி மகள் வீட்டில் இருந்தால் சில நாள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், பேரனை மடியில் வைக்கலாமா, ஒரே கட்டிலில் படுக்கலாமா. இரண்டே அறை உள்ள வீட்டில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று அவர்கள் கேட்கும்போது, அச்சடித்த தாள் உதவாது. உட்கார்ந்து வீட்டு வரைபடம் போட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

மற்ற புதுமைகளில் எனக்குச் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பர்கிலிருந்து வந்த ஃபாப்பி வகை மூலக்கூறுகள் கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுச் செல்களைக் காட்டுகின்றன. சர்க்கரையோடு அதற்குச் சம்பந்தம் இல்லாததால் பட்டினி தேவையில்லை. சுகர் நோயாளிகளைத் தினமும் சமாளிக்கிற எனக்கு அது ஒன்றே போதும். கலிபோர்னியாவின் டேவிஸில் உருவான எக்ஸ்ப்ளோரர் ஸ்கேனரின் நீளம் 194 சென்டிமீட்டர். ஆளை முழுவதுமாக ஒரே நேரத்தில் படம் பிடிக்கும். அவ்வளவு விலையில் இங்கே எத்தனை வரும் என்று தெரியாமல் நான் கனவு காண்பதில்லை. ஆனால் மிகக் குறைந்த மருந்திலேயே வேலை முடியும் என்பதால், கீமோ நடுவில் திரும்பத் திரும்பப் படம் எடுக்கும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக ஆசைப்படுகிறேன்.

அடுத்தது ஆக்டினியம் 225, லூட்டீசியத்தின் இடத்தில் கட்டி அனுப்பும் இன்னொரு கதிரியக்க அணு. டெல்லி எய்ம்ஸிலும் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் லூட்டீசியத்துக்கு அடங்காத பிராஸ்டேட் நோயில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது விடும் ஆல்பா துகள் சில செல்களின் தூரமே போகும், ஆனால் இடி மாதிரி இறங்கும். உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. யுரேனியம் 233 சிதையும் வழியில் அது பிறக்கிறது; நம் கல்பாக்கத்துக் காமினி அணு உலையின் எரிபொருளும் அதே யுரேனியம் 233தான், ஆனால் உலை எரிபொருளிலிருந்து ஊசி மருந்துவரை வருவது வேறு கணக்கு. கொடுக்கிற அளவு லூட்டீசியத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் எங்கள் காமா கேமராவுக்கு அது சரியாகத் தெரியாது; வாத்தியாருக்குக் காட்டியது போல மறுநாள் திரையில் காட்ட முடியாது. மருந்து எங்கே போகும் என்பதற்கு முன்கூட்டியே எடுத்த காலியம் படம் மட்டுமே கையில் இருக்கும். அந்தப் படத்தை எடுக்கிறவர்கள் இப்போதைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டியிருக்கும்.