ஆயிரம் வாட்ஸ்

"ஏனுங் தம்பி, ரூமு எத்தனைக்கு எத்தனைங்?"

காந்திபுரத்துக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி. விலைப் பேச்சே இல்லை.

"பத்துக்குப் பத்துங்ணா. மூணு பேரு."

அக்கா பையன். ஹாஸ்டலுக்கு ஸ்பீக்கர் வேணுமாம். கண்ணெல்லாம் 'ஆயிரம் வாட்ஸ்'னு கொட்டை எழுத்துப் போட்ட பெட்டி மேலதான்.

கடைக்காரர் அதைத் திருப்பினார். பின்னால் எறும்பு சைஸில்: ஆர்எம்எஸ் 20 வாட்ஸ்.

நகத்தால் ரெண்டு தட்டு தட்டினார். "முன்னால இருக்கறது பிஎம்பிஓங். கண்ணிமைக்கற நேரத்துக் கணக்கு. விடாமப் பாடற நெசப் பவரு இந்த ஆர்எம்எஸ்தானுங்."

கடைசியில் வாங்கினது 4 இஞ்ச் ஸ்பீக்கர் ஜோடி ஒண்ணு. சத்தத்தைப் பெருக்கற ஆம்ப் உள்ளேயே இருக்கு. "செவுத்தோட ஒட்டி வெக்காதீங். பேஸ் கும்முனு அடிக்கும், பக்கத்து ரூமுக்காரன் சண்டைக்கு வருவான். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, அவ்வளவு தள்ளி உக்காந்து கேளுங்."

மாரியாத்தா நோம்பிக்குத் தென்னைமரத்துல கட்டுற குழாய் ரேடியோவைக் கேட்டு வளர்ந்த பையன். (நானும் அப்படித்தான்.) ஊருக்கே கேட்டாத்தான் பாட்டுன்னு நெனச்சுட்டிருந்த கூட்டம் நாங்க. ரெண்டு சாண் மேசைக்குள்ள ஒரு பாட்டை அடக்கிக் கேக்கறதுக்கு யாரும் சொல்லித் தரலை.

பஸ் ஏறும்போது மெதுவாக் கேட்டான்.

"மாமா, கூட ஒரு ஹெட்போனும் வாங்கியிருக்கலாமோ?"