வாசலில் விட்ட செருப்பு

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களுக்கும் புண் பராமரிப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. எந்த ஊரில் வகுப்பு நடந்தாலும் முதலில் வரும் கேள்வி மாறாது: "எந்த மருந்து வெச்சுக் கட்டறது சிஸ்டர்?"

அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் போதும். கழுவுவதற்கு சலைன், அதாவது 0.9 சதவீத உப்பு நீர். அது தீர்ந்துபோனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்கும், பார்க்கிறவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் தசையையும் அது கெடுத்துவிடும். புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்பார்கள். ஈரப்பதத்தோடு மூடி வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்வதை ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962இலேயே பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார். காய்ந்து ஒட்டிய காஸ் துணியை வெடுக்கென்று இழுக்கும்போது ரத்தம் வந்தால், "நல்ல ரத்தம் வருது, ஆறிடும்" என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. நேற்று முளைத்ததை இன்று பிடுங்கிவிட்டோம், அவ்வளவுதான். சலைன் விட்டு ஊறவைத்துப் பொறுமையாக எடுத்தால் வலியும் குறையும், புண்ணும் பிழைக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஆறாமல் கிடக்கிற புண்களுக்காகத்தான் மீதி வகுப்பே. பெரும்பாலும் சர்க்கரைக்காரர்களின் உள்ளங்காலில் வருவது. கால் மரத்துப்போனவருக்குப் புண் வலிக்காது. வலிக்காததால் அதன்மேலேயே நடப்பார். நாம் வெள்ளை வெளேரென்று கட்டிவிடுவோம், அவர் அந்தக் கட்டை மிதித்துக்கொண்டே பஸ் ஏறப் போவார். இந்த இடத்தில் பால் பிராண்ட் பற்றிச் சொல்வேன். நாமக்கல் பக்கத்துப் பெண்களிடம் "உங்க கொல்லிமலையில 1914ல பொறந்த டாக்டர்" என்று ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளைப் பார்த்தவர். அவர்களுடைய விரல்கள் தானாக அழுகி விழுவதாகத்தான் அதுவரை பலரும் நினைத்தார்கள். வலி தெரியாததால் அடிபட்டு, சுட்டுக்கொண்டு, காயத்தைக் கவனிக்காமலே வேலை செய்து விரலை இழக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியவர் அவர். தொழுநோயாளிகளுக்காக வந்த மிருதுவான எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறோம்.

செருப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு தன்னார்வலர் கேட்டார்: "செருப்ப வெளிய விட்டுட்டு வாங்கன்னு சொல்றதே நாமதானுங்களே சிஸ்டர்?" சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் அவர் சொன்னது நிஜம். மருத்துவமனை ஆனாலும் வீடு ஆனாலும் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. புண்ணுக்குக் காரணம் வெளியே கிடக்க, உள்ளே நாம் காஸ் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

அன்று செய்முறைக்கு வந்திருந்த ஒரு பெரியவருக்குக் கட்டைவிரலின் அடியில் புண், ஐம்பது பைசா அளவுக்கு. சுற்றிலும் தோல் தடித்துக் காய்த்திருந்தது. அவருடைய ரப்பர் செருப்பை அந்தப் பெண்ணே போய் எடுத்து வந்தார். மேல்பக்கம் பெருவிரல் அழுந்தும் இடம் மட்டும் கறுத்துப் பள்ளமாகி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. விரலால் தடவினால் ஏதோ குத்தியது. அடியிலிருந்து ஏறிய கருவேல முள், நுனி உடைந்து உள்ளேயே நின்றிருந்தது. "இது எப்பங்க தாத்தா ஏறுச்சு?" "யாருக்கும்மா தெரியும்." இப்படி முள்ளே கையில் அகப்படுவது அபூர்வம். வழக்கமாகத் தேய்ந்த அடியும் இறுகிய வாரும்தான் கிடைக்கும். அதுவே போதுமான காரணம்.

அப்புறம், மரத்துப்போனதைக் கண்டுபிடிக்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் (உணர்வு தெரிகிறதா என்று காலில் தொட்டுப் பார்க்கும் நைலான் இழை) வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை நம் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி பட்டும் படாமலும் தொட வேண்டும். அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது.

காலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்வதுதான் வகுப்பிலேயே பலவீனமான வரி. நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? நின்று செய்யும் வேலையில் எதையெல்லாம் உட்கார்ந்து செய்யலாம், தண்ணீர்க் குடத்தை வீட்டில் வேறு யார் எடுப்பார் என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சில வீடுகளில் வழி பிறக்கிறது, சில வீடுகளில் இல்லை.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை: ஸ்கேல் வைத்து அளப்பது. நான் பார்த்த பதிவேடுகளில் கட்டுப் போட்ட எண்ணிக்கை இருக்கும், புண்ணின் நீள அகலம் இருக்காது. நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் அதே கட்டைத் தொடர்வதில் அர்த்தமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். விரல் கறுத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சலோடு நாற்றம் வந்தாலோ நாலு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, அன்றே அனுப்பியாக வேண்டும்.

அடுத்த சுற்றில் ஸ்லைடுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்த நேரத்துக்கு நோயாளிகளைச் செருப்போடு வரவழைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். திரையில்லாமல் பயிற்சி நடத்தினால் மேலே அனுப்ப போட்டோ எப்படி எடுப்பது என்று பதில் வந்திருக்கிறது.