ஓடிபி வராமலே போன பணமும், கையெழுத்துக் கேட்ட கடிதமும்

அப்பாவின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து, அவர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு வெளிநாட்டு இணையதளத்துக்கு, டெபிட் கார்டு வழியாக நள்ளிரவில் பணம் போயிருந்தது. விடிந்ததும் கார்டை முடக்கி, இணைய மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930-இல் புகார் பதிந்து, ஒப்புகை எண்ணும் வாங்கிவிட்டோம். அலைச்சல் வங்கிக் கிளையில்தான் தொடங்கியது.

கவுன்ட்டரில் இருந்தவர், "ஓடிபி இல்லாம பணம் போகாது சார், யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். இது தவறு. உள்நாட்டு இணையப் பரிவர்த்தனைக்குத்தான் ரிசர்வ் வங்கி இந்தக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்புறத்து மூன்று இலக்கங்கள் ஆகியவற்றை மட்டும் வைத்தே பணம் எடுத்துக்கொள்ளும் வெளிநாட்டுத் தளங்கள் உண்டு. அப்பாவின் கைபேசியில் ஓடிபி எதுவும் வந்திருக்கவில்லை. பணம் கழிந்த குறுஞ்செய்தி மட்டும் டாலர் கணக்கில் இருந்தது.

அடுத்து அவர் ஓர் அச்சிட்ட கடிதத்தை நீட்டினார். பெயர், கணக்கு எண், தொகை ஆகிய இடங்கள் மட்டும் காலியாக இருந்தன. "கவனக்குறைவால் ஓடிபியைப் பகிர்ந்துவிட்டேன்" என்ற வரி ஏற்கெனவே அச்சாகியிருந்தது. "எல்லாரும் இதுலதான் போட்டுக் குடுக்கிறாங்க" என்றதும் அப்பா பேனா மூடியைக் கழற்றிவிட்டார். நான் தாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாக இல்லாத மோசடியை, வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. அவருடைய கவனக்குறைவு என்றாலோ, புகார் செய்யும்வரை போன பணம் அவர் தலையில்தான். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு உரியது. அந்தப் பொறுப்பை ஒரே கையெழுத்தில் அப்பாவின் மேல் இறக்கிவைக்கும் கடிதம் அது.

நாங்கள் சொந்தமாக எழுதிய கடிதத்துக்கு முத்திரை போட்டு நகல் தர மறுத்தார்கள். எஃப்ஐஆர் இல்லாமல் வாங்க முடியாது என்றார்கள். கிளை வாசலிலேயே நின்று, கிளைக்கும் தலைமை அலுவலகப் புகார்ப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். நாளும் நேரமும் பதிவான அந்த மின்னஞ்சல்தான் கடைசிவரை எங்களுக்குக் கைகொடுத்தது. ஆகவே, வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

தகவல் தந்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும் என்பது விதி. கெடு தாண்டியும் வராததால், 30 நாட்களில் தீர்வு இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று எழுதிய பிறகே பணம் வந்தது. அதிலும் ஒரு குறை: மோசடி நடந்த நாளின் தேதியிட்டு வைக்க வேண்டிய வரவைப் பணம் போட்ட நாளின் தேதியில் வைத்திருந்தார்கள். இடைப்பட்ட நாட்களுக்கான வட்டி சிறு தொகைதான் என்றாலும் அதையும் எழுதிக் கேட்டோம், வந்து சேர்ந்தது. புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலேயே அப்பா அணைத்து வைத்திருக்கிறார்.