வெல்ல மூட்டையும் மலைச் சாராயமும்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்கள் அப்பா பல ஆண்டுகள் வெல்லக் கடை வைத்திருந்தார். மழைக்காலத்தில் அடி மூட்டைகளில் இருக்கும் வெல்லம் நீர்த்து, சாக்கின் வழியே கறுப்பாகக் கசிந்து தரையெல்லாம் பிசுபிசுக்கும். பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் ஆகாத அந்த வெல்லத்தைத் தேடி மலையடிவாரத்திலிருந்து ஒருவர் வருவார். "மாட்டுக்குத்தான் அண்ணே" என்பார். "ஆறு மூட்டை தின்கிற மாடு எப்படிப்பட்ட மாடுப்பா?" என்று அப்பா கேட்டால், "பெரிய மாடுங்க அண்ணே" என்று முகம் மாறாமல் பதில் வரும். அப்பா சிரித்துக்கொண்டே எடை போடுவார். அந்தச் சிரிப்பில் எங்கள் வீட்டுப் பங்கும் இருந்தது என்பதை நான் புரிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று.

அல்லேரி, பீஞ்சமந்தை, பேரணாம்பட்டை ஒட்டிய சாத்கர் மலை என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறி, சாராயம் காய்ச்ச வெல்லமும் பட்டையும் போட்டுப் புளிக்கவைக்கும் ஊறலை அழித்த செய்தி எங்கள் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது. படத்தில் போலீஸார் பேரலைக் கவிழ்ப்பார்கள். பழுப்பு நிற ஊறல் பாறை மேல் நுரைத்து ஓடும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் இல்லாத ஒன்றுதான் எனக்குத் தோன்றும். ஊறலுக்கு வேண்டிய தண்ணீரை ஓடை தருகிறது, விறகையும் வேலம்பட்டையையும் காடு தருகிறது. வெல்லம் ஒன்றுதான் கீழேயிருந்து மேலே ஏறியாக வேண்டும். கரும்பு விளையாத மலைக்கு மூட்டை மூட்டையாக வெல்லம் போவதைக் கடைக்காரர், வண்டிக்காரர், வழியில் டீ குடிப்பவர் என எல்லோரும் பார்க்கிறார்கள். ஊறல் புளித்து, காய்ச்சி வடித்து, லாரி டியூப்களில் இறங்கி வரும்போது மட்டுமே அது குற்றமாக எல்லோர் கண்ணிலும் படுகிறது.

மலையில் இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2023ஆம் ஆண்டு அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு குழந்தையை, சரியான சாலை இல்லாததால், உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாமல் போனது நாடறிந்த செய்தி. நோயாளியையே இறக்க முடியாத பாதையில் சாமையையும் கொள்ளுப்பயறையும் சுமந்து வந்து விற்றால் சுமைகூலிக்குப் பிறகு என்ன மிஞ்சும் என்பதை எவரும் கணக்கிடலாம். குறைந்த எடையில் அதிகப் பணம் தரும் சரக்காக இருப்பது சாராயம். முதல் போடுபவர் பெரும்பாலும் சமவெளியில் இருக்கிறார், ஓடையருகே பிடிபடுபவர் கூலிக்காரர் என்பதே நான் பார்த்த வரையில் நடைமுறை.

மதுவிலக்கு எங்களுக்குப் புதியதன்று. 1937இல் ராஜாஜி சேலத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு, 1939இல் எங்கள் பகுதி அன்று இருந்த வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. பிறகு சட்டம் பலமுறை தளர்ந்தது, இறுகியது. கடையை அரசே நடத்தும் காலமும் வந்தது. ஊறல் மட்டும் நிற்கவில்லை. நாம் 'குண்டர் சட்டம்' என்று சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரில் முதலில் வருபவர்கள் குண்டர்களே அல்லர், கள்ளச்சாராயக்காரர்கள்தாம் என்பது பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது கள்ளக்குறிச்சி. 2024 ஜூன் மாதம் அங்கே கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அருகிலிருக்கும் கல்வராயன் மலையும் எங்கள் மலையைப் போல ஊறலுக்குப் பெயர்போனதுதான். ஆனால் இறந்தவர்களைக் கொன்றது மெத்தனால். வெல்லம் புளிப்பதால் உண்டாவது எத்தனால். ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் அதில் உருவாவதில்லை. மெத்தனால் தொழிற்சாலைகளுக்காகத் தயாராகும் ரசாயனம், அங்கிருந்து களவாக வெளியே வருவது. எத்தனாலைப் போலவே நிறமற்றது, குடித்தவுடன் போதையும் தருகிறது. பல மணி நேரம் கழித்து, உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறும்போதுதான் கண் பனிமூட்டம் போல் மங்குகிறது, மூச்சு இரைக்கிறது. அதற்குள் குடித்தவர் தூங்கி எழுந்திருப்பார். அந்தச் சாவுகளுக்குப் பின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது.

மலைச் சாராயம் நல்லது என்று நான் சொல்லவில்லை. காரம் ஏற்ற அதில் எதையெல்லாம் போட்டார்கள் என்பது காய்ச்சியவருக்கு மட்டுமே தெரியும், ஈரல் கெட்டுச் செத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் கவலை வேறு. மலைச் சாராயமும் மெத்தனால் சரக்கும் ஒரே பாக்கெட்டில், ஒரே பெயரில், ஒரே சந்தில் விற்கப்படுகின்றன. ஊறலை அழிப்பதால் மலையிலிருந்து வரத்துக் குறையும் நாளில் அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று விற்பவர் யோசிப்பார். மலைச் சாராயம் தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த நம்பிக்கை அப்போது மெத்தனாலுக்குப் பயன்பட்டுவிடுகிறது. கருணாபுரத்தில் விற்றவர்களும் அதே ஊர்க்காரர்கள்தாம்.

அந்தச் செய்தி வந்த வாரம் ஒடுகத்தூரில் டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அது கெமிக்கல் தம்பி, நம்மளது வெல்லம்" என்றார். பாக்கெட்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தார்.

"விக்கிறவன் நமக்குத் தெரிஞ்ச பையன்தானே" என்றார்.