ஊருணியில் ஆகாயத்தாமரை

ஏப்ரல் 6
தண்ணீர் நாலு படி இறங்கிவிட்டது. ஆகாயத்தாமரையை வார இதுதான் சமயம். காலையில் பன்னிரண்டு பேர் இறங்கினோம். நீளக் கயிற்றில் மூங்கில்களைக் கட்டி, இரண்டு கரையிலும் ஆள் நின்று வலை இழுப்பதுபோல இழுத்தோம். பாய் சுருள்வதுபோலச் சுருண்டு வந்தது.

ஒரு செடியை எடுத்துப் பார்த்தேன். உப்பிய காம்பை நகத்தால் கீறினால் உள்ளே பஞ்சு பஞ்சாய்க் காற்றறைகள். கருநீலத் தாடிபோல வேர், அதற்குள் பொடி நத்தைகள். எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான். இடுப்பு விட்டுப்போனது.

ஏப்ரல் 7
"மருந்து அடிச்சா பத்து நாள்ல கருகிடும்ணே" என்றான் ஒரு தம்பி. கருகி எங்கே போகும்? அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும். பருப்பு வேக இந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று எதிர்வீட்டு ஆச்சி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மருந்துப் பேச்சு அதோடு சரி.

ஏப்ரல் 19
எங்கள் முட்டாள்தனம். வாரியதைப் படிக்கட்டிலேயே குவித்திருந்தோம். ராத்திரி பெய்த கோடை மழையில் பாதி திரும்ப ஊருணிக்குள். "படியில கொட்டினா வேற எங்கப்பா போகும்?" என்றார் ஆச்சி. வேறென்ன, மறுபடி வாரி, டிராக்டரில் தென்னந்தோப்புக்கு ஏற்றினோம். வேர் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போட்டால்தான் காய்கிறது. காய்ந்ததில் கொஞ்சம் தென்னைக்கு மூடாக்கு, மீதி சாணத்தோடு எருக்குழிக்கு.

மே 5
ஓரத்தில் தப்பிய செடிகளின் இலையில் பொட்டுப் பொட்டாகச் சுரண்டல். கூன்வண்டு! செடியின் சொந்த ஊரான தென்னமெரிக்காதான் இதற்கும் சொந்த ஊர். களையைத் தின்பதற்கென்றே 1980களில் இந்தியாவில் விட்டார்கள். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் செடியை ஒடுக்க வருஷக்கணக்காகும். நமக்கு ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

ஜூன் 2
மேலே கண்மாய் நிறைய இதேதான். வரத்துக்கால் வாயில் மூங்கில் தட்டி அடித்தோம். மழை வந்ததும் தட்டியில் சேர்வதை அன்றாடம் அள்ளாவிட்டால் தண்ணீர் வரத்தே அடைபடும். அதற்கு முறை போட்டாயிற்று. விதையை என்ன செய்வது? சேற்றுக்குள் இருபது வருஷம்கூடக் கிடக்குமாம். முளைப்பதைப் பூக்குமுன் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

ஜூன் 9
முறைக்கு இன்று நானும் ஆச்சியின் பேரனும். ஒரு வாளிகூட நிறையவில்லை. உடைந்த துண்டு ஒன்று விரல் நீளம்கூட இல்லை, அதற்குள் இரண்டு இலை விட்டிருந்தது.