மழை பெய்தால் அணையும் வீடு

ஜூன் 18, செம்பூர்

நேற்று ராத்திரி பதினொன்றரை இருக்கும், மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. காயப்போட்ட துணியை எடுக்க பால்கனி லைட்டைப் போட்டேன், வீடே இருட்டாகிவிட்டது. எதிர்க் கட்டிடத்தில் கரண்ட் இருக்கிறது. டார்ச்சோடு போய் மெயின் பாக்ஸைத் திறந்தால் எம்சிபி (ஒவ்வொரு லைனிலும் கரண்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்) எல்லாம் மேலேதான் நிற்கிறது, ஆர்சிசிபி (கரண்ட் எங்காவது கசிந்தால் மொத்த வீட்டுக்கும் அறுத்துவிடும் சுவிட்ச்) மட்டும் விழுந்திருக்கிறது. தூக்கினேன், நின்றது. லைட்டைத் திரும்பப் போடாமல் படுத்துவிட்டோம்.

ஜூன் 19

விடியற்காலை நான்கு மணிக்கு மறுபடி விழுந்தது. பால்கனி சுவிட்ச் அணைந்தேதான் இருந்தது, அதனால் லைட் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். விளக்கு எம்சிபி நின்றது. பிரிட்ஜ் எம்சிபியைத் தூக்கினேன், மோட்டார் ஓட ஆரம்பித்ததும் டப். சரி, பிரிட்ஜ்தான் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அத்தை அரைத்து வைத்திருந்த மாவு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

சாயங்காலம் அயர்ன் பாக்ஸ் போட்டதும் விழுந்தது. அப்புறம் கீஸருக்கும். மூன்று பொருளும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

ஜூன் 21

எலக்ட்ரீஷியன் வந்தார், பத்து நிமிடம் பார்த்தார். ஆர்சிசிபி பழசாகிவிட்டது, அதை எடுத்துவிட்டு லைனை நேராகக் கொடுத்துவிடுகிறேன், இனி விழவே விழாது என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் விளக்கு எம்சிபி 6 ஆம்பியர், அதாவது 6000 மில்லியாம்பியர் வரை அது அசையாது. ஓர் ஆளைக் கொல்ல 100 மில்லியாம்பியருக்குள்ளேயே போதும். ஆர்சிசிபி 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும். குளித்துவிட்டு ஈரக்கையோடு போய் பிரிட்ஜைத் திறக்கிற பிள்ளை இருக்கிற வீடு இது. அதை எடுத்துவிட்டு எனக்கு எந்த வெளிச்சமும் வேண்டாம்.

ராத்திரி தாராவியில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டேன். முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏ பிள்ள, பிரிட்ஜ் மேல பழியப் போடாத. எங்கயோ நியூட்ரல் எர்த்தோட ஒட்டிக்கிட்டு கெடக்கு. நாளைக்கு வாரேன்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

மாமா மெக்கரோடு வந்தார், வயரிலிருந்து கரண்ட் கசியுமா என்று தடையை அளந்து பார்க்கும் கருவி அது. எனக்கு விளங்காமல் இருந்த விஷயம் ஐந்து நிமிடத்தில் விளங்கியது. ஆர்சிசிபிக்குத் தெரிந்தது ஒரே கணக்குதான்: பேஸில், அதாவது கரண்ட் வருகிற வயரில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில், அதாவது திரும்புகிற வயரில் வந்ததா? நம் எம்சிபி சிங்கிள் போல் வகை, பேஸை மட்டும்தான் வெட்டும். சுவிட்சும் அப்படியே. நியூட்ரல் எப்போதும் எல்லா அறைக்கும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அது ஓர் இடத்தில் எர்த்தை, அதாவது மண்ணுக்குப் போகிற இணைப்பைத் தொட்டுவிட்டால், பிரிட்ஜிலிருந்து திரும்பி வருகிற கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடும், கணக்கு உதைக்கும். லைட்டை அணைத்தாலும் எம்சிபியை இறக்கினாலும் இது நிற்காது. விளக்குக்குப் போகிற கரண்ட் கொஞ்சம்தான், அதில் பிரிகிற பங்கு 30 மில்லியாம்பியரை எட்டவில்லை. அதிக கரண்ட் இழுக்கிற பொருளைப் போட்டால்தான் விழுந்தது.

மெயினை இறக்கி, டெஸ்டரால் இரண்டு முறை பார்த்த பிறகுதான் மாமா கைவைத்தார். நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேருகிற நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் பிரிட்ஜை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு நியூட்ரலைக் கழற்றியதும் ஆர்சிசிபி அசையாமல் நின்றது. அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு லைட்டாகப் பிரித்தோம். பாத்ரூம் சரி, நடை சரி. பால்கனி லைட்டை இறக்கினால் உள்ளே ஒரு தம்ளர் தண்ணீர். முன்பு மாட்டியவர் கறுப்பு வயரை இரும்புத் தகட்டு விளிம்பில் நசுக்கி ஸ்குரூ போட்டிருக்கிறார், தோல் உரிந்து செம்பு பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. மேல்மாடித் தண்ணீர் பைப் வழியாக இறங்கி மிச்ச வேலையை முடித்திருக்கிறது. முதல் ராத்திரி இந்த லைட்டைப் போட்டதுமே விழுந்தது, அந்தத் தண்ணீர் வழியாகப் பேஸும் கசிந்ததால்தான் இருக்கும். 500 வோல்ட் மெக்கரை வைத்தால் முள் பூஜ்யத்தை விட்டு எழவில்லை.

ஜூன் 23

ஆபீஸ் விட்டு மும்பையின் எலக்ட்ரிக் சாமான் கடைத்தெருவான லோஹார் சாலுக்குப் போய் ஐபி 65 தரத்தில் லைட் வாங்கினேன். தூசி போகாது, தண்ணீர் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். மாமா கெட்டுப்போன வயரை வெட்டி எடுத்து, துளைக்கு ரப்பர் புஷ் போட்டு, வயரைக் கீழ்ப்பக்கமாக வளைத்து உள்ளே விட்டார், தண்ணீர் வழிந்தால் வளைவிலேயே சொட்டிவிடும். மெக்கர் தடையை ஒரு மெகாஓமாவது காட்டணும் என்றார், இருபதைத் தாண்டியது.

ஜூன் 26

மூன்று நாளாக விடாத மழை. ஒரு தடவைகூட விழவில்லை. இன்றைக்கு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தேன், உடனே விழுந்தது, நிம்மதி. மாதம் ஒரு தடவை அழுத்தச் சொல்லியிருக்கிறார் மாமா. அத்தைக்கு இந்தியும் இங்கிலீஷும் படிக்க வராது, அதனால் எந்த எம்சிபி எதற்கு என்று தமிழில் எழுதி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியாயிற்று.