எனக்குப் பலம் போதாமையால்: ஓரியூரில் ஒரு தவக்கால வெள்ளி

ஓரியூர் மண் சிவப்பு. திருவாடானையைத் தாண்டினால் இருபுறமும் அறுப்பு முடிந்த வயல், கருவேலங்காடு, நீர் வற்றத் தொடங்கிய கண்மாய் என்று ராமநாதபுரம் சீமையில் எங்கும் பார்க்கிற காட்சிதான். திருத்தலத்துக்குள் புனித அருளானந்தர் வெட்டுண்ட இடத்துக்கு வந்தால் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. அவர் சிந்திய இரத்தத்தில் சிவந்த மண் என்பது மக்களின் நம்பிக்கை. 'செம்மண் புனிதர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. வருகிறவர்கள் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள்.

லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்த ஜான் தெ பிரிட்டோதான் நம் அருளானந்தர். சிறுவயதில் போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். 1673-ல் இயேசு சபைக் குருவாக இந்தியா வந்து, அச்சபையின் மதுரை மிஷன் என்ற மறைப்பணிப் பகுதியில் காவி உடுத்தி, மரக்கறி உணவோடு, தமிழ்த் துறவியைப் போலப் பண்டாரசுவாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவர் சீமை எனப்பட்ட இந்த ராமநாதபுரம் பகுதியில் பிடிபட்டுச் சித்திரவதைகளை அனுபவித்தார். பிறகு ஐரோப்பா சென்றவரை அரசர் தம்மோடு இருத்திக்கொள்ள விரும்பியும் அவர் நிற்கவில்லை. 1690-ல் இங்கேயே திரும்பி வந்துவிட்டார்.

அவர் கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத் தேவரின் மனமாற்றம். நோயிலிருந்து குணமான தேவர் ஞானஸ்நானம் பெற்றார். இனி ஒரே மனைவி என்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுப்பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணிடம் என் மனம் நின்றுவிடும். அவளை வில்லியாக்கிச் சொல்கிற பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்பட்டவளின் கோபம் அது. இறைவனின் மன்னிப்பில் அவளுக்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அந்த வருடம் உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் மார்ச் 22-லேயே வந்துவிட்டதால், அந்தப் பிப்ரவரி 4-தான் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், பெரியவர்கள் சொல்கிற விபூதிப் புதன். மனிதன் மண், மண்ணுக்கே திரும்புவான் என்று சொல்லித் திருச்சபை நெற்றியில் சாம்பல் பூசுகிற நாள். அவர் முழங்காலிட்டுச் செபித்தார், தம்மை வெட்ட வந்தவரைக் கட்டித் தழுவிக்கொண்டார் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அவரைக் கொன்ற அதே சீமையின் மக்கள்தான் இன்று அவரைத் தேடி வருகிறார்கள். பிள்ளைக்கு மொட்டை போடவும் காது குத்தவும் வருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதாரும் நிறைய. பழைய கணக்கை இங்கே யாரும் கிளறுவதில்லை.

நான் போனது தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, வரிசை கோயில் சுவரை ஒட்டி நீண்டிருந்தது. நிழலில் நாற்காலி போட்டு, கழுத்தில் ஊதா நிறத் தோள்துகிலோடு சாமியார் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் வெளிறிய நூல்சேலையில் ஒரு மூதாட்டி, கையைப் பிடித்தபடி பேரன். பையனுக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். அந்த அம்மா, பாவத்துக்காக வருந்திச் சொல்கிற பழைய மனஸ்தாப மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "இனிமேல் ஒருபொழுதும் இப்படிப்பட்ட பாவங்களைச் செய்வதில்லையென்று கெட்டியான மனதோடே பிரதிக்கினை செய்கிறேன்" என்ற இடம் வந்ததும் பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பத்தா, போன தடவையும் இதத்தானே சொன்னே?"

"ஆமாடா."

"அப்புறமும் சித்திகூடச் சண்டை போட்டியே?"

"போட்டேன். அதுக்குத்தான் வந்திருக்கேன். நீ உன் பாவத்த யோசி" என்றார், குரலை உயர்த்தாமல். விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.

அவர் தொடர்ந்த வரி எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அன்றைக்குத்தான் அதன் ஆழம் எனக்குப் பிடிபட்டது. இனி ஒருபோதும் பாவம் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கையோடு அந்த மந்திரம் சொல்கிறது: "மேலும் எனக்குப் பலம் போதாமையால்..." இயேசுநாதர் சிந்தின திரு இரத்தப் பலன்களைப் பார்த்து என் பாவங்களைப் பொறுத்து, உம்முடைய வரப்பிரசாதங்களை, அதாவது அருளை, தந்தருளுவீர் என்று முழுமனதோடு நம்புவதாகத் தொடர்கிறது. வாக்குறுதி மனதாரக் கொடுத்தது. அதைக் காப்பாற்றும் பலம் நம்மிடம் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்த நம் முன்னோர் எவ்வளவு பெரிய மனதுக்காரர்கள்! பலம் இல்லாதவன் வாக்குக் கொடுக்கத் தகுதியற்றவன் என்று அவர்கள் விரட்டவில்லை. குறைகிற பலத்துக்குத்தான் வரப்பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த வரிசை எல்லாக் காலத்திலும் இருந்ததும் இல்லை. ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குப் பின் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும்பாவத்தில் விழுந்தவருக்கு, எல்லோர் முன்பும் நெடுநாள் தவம் செய்து திரும்பும் வாய்ப்பு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதற்கு அஞ்சியே பலர் சாகும் தருவாய்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனே 337-ல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். குருவிடம் தனியாகச் சொல்லி, மறுபடி விழுந்தால் மறுபடி வந்து சொல்லலாம் என்ற பழக்கத்தை ஐரோப்பாவில் பரப்பியவர்கள் அயர்லாந்துத் துறவிகள். 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. மறுபடி வா என்று திருச்சபை சொல்லப் பழகியதற்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டுகள் இருக்கின்றன. தாய் பிள்ளையை ஒருநாள் குளிப்பாட்டிவிட்டு, இனி அழுக்காகாதே என்று விட்டுவிடுவதில்லையே.

அந்த அம்மா எழுந்து வந்தபோது கண் கலங்கியிருந்தது. "பத்து அருள்நிறை மரியேதான் அபராதம் குடுத்தாரு, தம்பி. ரொம்பக் கொறச்சல்" என்றார் என்னிடம். குறை சொல்வதுபோல் ஆரம்பித்தவர் சிரித்துவிட்டார். சுவரோரம் நின்றபடியே செபமாலை மணிகளைப் பெருவிரலால் தள்ளத் தொடங்கினார்.

மாலையில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து சென்றதை ஸ்தலம் ஸ்தலமாக நினைத்துச் செபிக்கிற வழிபாடு. மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்தலங்களில் இயேசு விழுகிறார். ஒவ்வொரு முறையும் கூட்டம் மொத்தமும் மண்ணில் முழங்காலிட்டு எழுந்தது. பிறகு திருப்பலியில் கர்த்தர் கற்பித்த செபம் சொன்னோம். "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." எனக்குக் கடினமான வரி இதுதான். ஏழுமுறை மன்னித்தால் போதுமா என்று சீடர் பேதுரு கேட்டதற்கு, "எழுபது தடவை ஏழுமுறை" என்ற இயேசு, உடனே ஒரு கதை சொன்னார். பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான பணியாளன், தன்னிடம் நூறு தெனாரியம் வாங்கியவனின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிற கதை. ஒரு தெனாரியம் என்பது அன்றைக்கு ஒருநாள் கூலி. தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். ஆறு கோடி நாள் கூலியைத் தள்ளுபடியாகப் பெற்றவன் நூறு நாள் கூலிக்கு அப்படி ஆடினான். நூறு நாள் கூலியும் ஏழைக்குச் சின்னத் தொகை இல்லை, நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு நிஜமாகவே வலிக்கும் என்பதை இயேசு மறைக்கவில்லை. எனக்கு அநியாயம் செய்த ஒருவரை நினைத்தபடிதான் அன்று அந்த வரியைச் சொன்னேன். முழுதாக மன்னித்தாயிற்று என்று சொல்லமாட்டேன். 'எனக்குப் பலம் போதாமையால்' என்பதை இதற்கும் சேர்த்தே கேட்டுக்கொண்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: திருவாடானை வழியாகப் போவது எளிது. தவக்கால வெள்ளி என்றால் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். முதலில் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனத்தை முடித்துக்கொள்ளுங்கள். போன வருடம் சொன்னதையே மறுபடி எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு வருடக்கணக்காகப் போகாதவர்களை எனக்குத் தெரியும். முக்கியமாக அவர்களைத்தான் கூப்பிடுகிறேன்.